இரவல் குளிர்

மீன்கொத்தி நகர் கிளை நூலகத்தில் எந்தத் தோட்டப் புத்தகத்தைத் திறந்தாலும், அது எந்த ஊர் மண்ணுக்காக எழுதப்பட்டதோ அந்த ஊரின் காற்றும் மழையும் வெயிலும் பக்கங்களுக்கு நடுவிலிருந்து புறப்பட்டு வரத் தொடங்கிய அந்தப் பங்குனி மாதம், தூத்துக்குடிக்குத் தெற்கே உப்பளங்களை ஒட்டிக் கிடந்த அந்தக் குடியிருப்பில் யாரும் வாயைப் பிளக்கவில்லை. வெக்கை அப்படி. ஏன் வந்தது, எப்படி வந்தது என்று ஆராய எவருக்கும் பொறுமை இல்லை. குளிர் வருகிறதா, வரட்டும், வரிசையில் நில் என்பதுதான் ஊரின் முதல் பேச்சாக இருந்தது.

முதலில் பார்த்தவர் நூலகர் திருமலைக்கொழுந்து. இங்கிலாந்துத் தோட்டங்களைப் பற்றிய தடித்த மொழிபெயர்ப்பு நூலை முத்திரை குத்துவதற்காகத் திறந்தார், மேஜை மேல் பனி கொட்டியது. அவர் தோளில் கிடந்த துண்டால் மேஜையைத் துடைத்துவிட்டு, முத்திரையைக் குத்தி, புத்தகத்தை மூடி அலமாரியில் வைத்துவிட்டு டீ குடிக்கப் போனார். திரும்பி வந்தபோது பேப்பர் படிக்க வருகிற கூட்டமெல்லாம் தோட்டக்கலை அலமாரி முன்னால் சட்டைப் பொத்தானைக் கழற்றிவிட்டுக்கொண்டு நின்றது.

அதற்குப் பிறகு எல்லாம் வேகமாக நடந்தது. மலையாள நாட்டு வாழைச் சாகுபடி நூலைத் திறந்தால் சோவென்று மழை பெய்யும் என்று தெரிந்ததும், குழாயில் தண்ணீர் வராத நாட்களில் பெண்கள் குடங்களோடு அந்தப் புத்தகத்துக்குத்தான் வரிசை கட்டினார்கள். அந்தத் தண்ணீரில் வைத்த சோறு பூப்போல இருந்தது. ராஜஸ்தான் பக்கத்துத் தோட்ட நூல் ஒன்று அனலைக் கக்கியது, அது கேட்பார் இல்லாமல் கிடந்து, மழைக்காலம் வந்தால் கருவாடு காயவைக்க ஆகும் என்று எடுத்து வைக்கப்பட்டது. மீன் விற்கும் சந்தனமேரி இங்கிலாந்துப் புத்தகத்தை வாரம் முழுக்கக் கூடைக்குள் விரித்து வைத்து வியாபாரம் பார்த்ததில், அது சீலா மீன் வாடையோடு நூலகத்துக்குத் திரும்பி வந்தது. கொண்டைக்கடலை விற்பவர் முதல் கல்யாண மண்டபக்காரர் வரை ஆளாளுக்கு ஒரு தேவை. இது பாவமா என்று ஒருத்தி பங்குச் சாமியாரிடம் போய்க் கேட்டதற்கு, எந்த ஊர்க் காற்றும் ஆண்டவர் விட்ட காற்றுதானே என்று சொன்ன அவர், கோயிலுக்கு வாரம் ஒரு புத்தகம் ஒதுக்க முடியுமா என்று பதிலுக்குக் கேட்டு அனுப்பினாராம். ஒரே ஒரு குறைதான் ஊருக்கு. பக்கத்து அலமாரியில் இருந்த சமையல் புத்தகங்களுக்கு இப்படி ஒரு வரம் வாய்க்கவில்லையே என்று பலரும் மனப்பூர்வமாக வருந்தினார்கள்.

அந்த நூலகத்தில் ஒரு வழக்கம் உண்டு. வீட்டுத்தோட்டம் போடுகிறவர்களுக்குப் பயன்படும் புத்தகங்கள் எவை என்று வருஷத்துக்கு ஒருமுறை வாசகர் வட்டம் கூடி, வந்து குவிந்தவற்றைப் புரட்டிப் பார்த்து, கையைத் தூக்கித் தேர்ந்தெடுக்கும். அந்த வட்டத்தில் ஜெசிந்தாவின் பேச்சுக்குத் தனி மரியாதை. விதவை, படித்தது கொஞ்சம்தான், ஆனால் புத்தகத்தைச் சோதிப்பதில் கறார்க்காரி. படம் எத்தனை அழகாக இருந்தாலும் மயங்கமாட்டாள். கடைசிப் பக்கத்திலிருந்து புரட்டி, தனக்குத் தெரிந்த செடிகளின் பெயர் இருக்கிறதா, உப்புத் தண்ணீரைப் பற்றி ஒரு வரியாவது உண்டா, எழுதியவன் கையில் மண் பட்டிருக்கிறதா இல்லையா என்றெல்லாம் பார்த்துவிட்டுத்தான் கையைத் தூக்குவாள். அப்பேர்ப்பட்ட ஜெசிந்தாவே அந்த வருஷக் கூட்டத்தில் புத்தகங்களைப் புரட்டவில்லை. எல்லாரையும் போலத் திறந்த பக்கத்துக்கு மேலே உள்ளங்கையைப் பிடித்தாள், சில்லென்று இருந்தால் தூக்கினாள், இல்லாவிட்டால் இறக்கினாள். குளிர்ந்த புத்தகங்கள் எல்லாம் தேறின, மற்றவை எல்லாம் கழிவுப் பெட்டிக்குப் போயின. வீட்டுத்தோட்டம் என்ற சொல்லை அன்றைக்கு யாருமே உச்சரிக்கவில்லை.

ஜெசிந்தா அப்படி நிலைதவறியதற்குக் காரணம் இருந்தது. அவள் மருமகள் லீமா.

லீமா கோத்தகிரிப் பெண். ஜெசிந்தாவின் மகன் அலோசியஸ் தோணியில் மாலத்தீவுக்குச் சரக்குக் கொண்டுபோகிறவன். யாரோ ஒரு நண்பனின் கல்யாணத்துக்கு மலையேறிப் போனவன் அங்கே இவளைப் பார்த்துவிட்டு வந்து அம்மாவிடம் அடம்பிடித்து, தை மாதம் மாலை மாற்றிக் கூட்டி வந்தான். மாசியில் தோணி கிளம்பிவிட்டது, இனி அவன் கிறிஸ்துமஸுக்குத்தான் கரை திரும்புவான். அவன் கிளம்பிய மறுவாரம் ஜெசிந்தாவுக்கு மூட்டு மூட்டாகப் பிடுங்கும் விஷக்காய்ச்சல் வந்து, எழுந்து உட்காரக்கூட முடியாமல் கிடந்தாள். வந்து ஒரு மாதம்கூட ஆகாத அந்தப் பெண், கைத்தாங்கலாகக் கழிப்பறைக்குக் கூட்டிப் போனாள், வாந்தியைக் கையில் ஏந்தினாள், தலைவாரிப் பின்னிவிட்டாள், கஞ்சியை ஆற்றி ஆற்றி ஊட்டினாள். ஒருநாள்கூட முகம் சுளிக்கவில்லை. பெற்ற மகள் இருந்திருந்தால் நான்கு நாள் செய்துவிட்டு ஐந்தாம் நாள் சலித்துக்கொண்டிருப்பாள் என்று ஜெசிந்தா தெருவெல்லாம் சொல்லிச் சொல்லி மாய்ந்துபோனாள். இந்தப் பிள்ளைக்கு நான் என்ன செய்யப்போகிறேன் என்பதுதான் அதற்குப் பிறகு அவள் ஜெபமாலையின் ஒவ்வொரு மணியிலும் உருண்ட கேள்வி.

அந்தப் பிள்ளையோ வாடிக்கொண்டிருந்தாள். வெயில் அவளைத் தின்றது. கழுத்தெல்லாம் வேனல்கட்டி, உப்புத் தண்ணீரில் குளித்துக் குளித்து முடி கொத்துக்கொத்தாகக் கொட்டியது. அம்மா வீட்டிலிருந்து முந்தானையில் முடிந்து கொண்டுவந்த கேரட் விதையையும் பீன்ஸ் விதையையும் மொட்டைமாடித் தொட்டிகளில் போட்டாள். முளைத்தது, இரண்டு இலை விட்டது, இலை ஓரம் வெளுத்தது, செத்தது. மறுபடியும் போட்டாள், மறுபடியும் அதே கதை. வாய் திறந்து ஒரு குறை சொல்லவில்லை. ஆனால் ஒருநாள் மாடிப்படியில் நின்று அவள் போனில் அம்மாவிடம் பேசிக்கொண்டிருந்தது ஜெசிந்தாவின் காதில் விழுந்துவிட்டது.

"இங்க ஒண்ணும் வளராதும்மா."

அவ்வளவுதான் சொன்னாள். இவள் அம்மா வீட்டுக்கு என்று ஒரு தடவை மலையேறிவிட்டால் திரும்ப இறங்கமாட்டாள் என்று ஜெசிந்தாவுக்கு நிச்சயமாகத் தோன்றிவிட்டது. மகனுக்காகக்கூட அல்ல, தனக்காகவே பயந்தாள். இந்தப் பெண் இல்லாத வீட்டில் இனிமேல் இருக்கத் தன்னால் முடியாது என்பதை அவள் அந்தப் படியடியில் நின்றபோதுதான் கண்டுகொண்டாள்.

அதனால்தான் வாசகர் வட்டத்தில் அவள் உள்ளங்கையைப் பிடித்தாள். நீலகிரித் தோட்டக்கலை பற்றிய கெட்டி அட்டை நூலைத் திறந்ததும் கையில் மூடுபனி ஈரம் பட்டது, தைல மர வாசனை வந்தது. இதுதான், இதேதான் என்று இரண்டு கையையும் தூக்கிவிட்டு, அன்றைக்கே அதை இரவல் வாங்கி இடுப்பில் இடுக்கிக்கொண்டு வீட்டுக்கு ஓடினாள்.

மொட்டைமாடியில் அந்தப் புத்தகத்தை விரித்துக் கல் வைத்த நிமிஷத்திலிருந்து அந்த மாடி கோத்தகிரியாகிவிட்டது. தெருவில் தார் உருகிக்கொண்டிருக்க, மேலே லீமா சால்வையைப் போர்த்திக்கொண்டு கேரட் விதைத்தாள். வேனல்கட்டி அமுங்கியது. கன்னத்தில் ரத்தம் வந்தது. அவள் சிரித்ததைத் தெருவே அண்ணாந்து பார்த்தது. ஆனால் ஒரு வீட்டுக்கு ஒரு வாரம் என்பது திருமலைக்கொழுந்து போட்ட சட்டம், வாரம் முடிந்ததும் அடுத்த முறை சந்தனமேரிக்கு. ஜெசிந்தா கையைப் பிசைந்துகொண்டு அவள் வாசலில் போய் நின்றாள்.

"என்ன மைனி, புஸ்தகமா? வச்சுக்கிடுங்க," என்றாள் சந்தனமேரி. "எனக்கு ஐஸ்கட்டி இருக்கு, ஓட்டிக்கிடுவேன். ஊரு விட்டு ஊரு வந்த பிள்ளைக்கு என்ன இருக்கு? உங்களத் தூக்கிச் சுமந்த பிள்ளைலா."

அவளுக்கு அடுத்த வீடும் அதையேதான் சொன்னது, அதற்கு அடுத்த வீடும். பொரித்த மீனுக்கும் பொதுக்குழாய்க்கும் மயிரைப் பிடித்துக்கொண்டு சண்டை போடும் தெரு, அந்தக் கோடை முழுக்கத் தன் முறைக் குளிரை ஒவ்வொரு வாரமாக எடுத்து அந்த மலைநாட்டுப் பெண்ணுக்குக் கொடுத்துவிட்டு, விசிறி மட்டையோடு வாசலில் உட்கார்ந்திருந்தது. இதை நினைக்கும்போதெல்லாம் ஜெசிந்தாவுக்குக் கண் நிறைந்துவிடும். இந்தத் தெருவையா நான் இத்தனை வருஷம் திட்டினேன் என்று தன்னைத்தானே தலையில் குட்டிக்கொள்வாள்.

இப்படியே போயிருந்தால் நன்றாகத்தான் இருந்திருக்கும். ஆனால் லீமா மாடியை விட்டு இறங்குவது குறைந்தது. சாப்பாடு மேலேயே போனது. புத்தகத்துக்குப் பக்கத்தில் பாயை விரித்து, பனிக்குள் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். தெருப் பெண்கள் கூப்பிட்டால் எட்டிப் பார்ப்பாள், சிரிப்பாள், அந்தப் பக்கம் திரும்பிக்கொள்வாள். கேரட்டுகள் கொண்டை கொண்டையாகப் பச்சையாக நின்றன. ஆடி மாதம் ஒருநாள் காப்பியோடு மேலே போன ஜெசிந்தா அவள் அழுதுகொண்டிருப்பதைப் பார்த்தாள்.

"இத மூடிரலாம் அத்தை," என்றாள் லீமா. "நீங்க எனக்காகத்தான் செஞ்சீங்க. இந்தத் தெருவே செஞ்சது. எனக்குத் தெரியாம இல்ல. ஆனா இது தொறந்திருக்கற வரைக்கும் நான் அங்கேயேதான் இருக்கேன். கண்ணத் தொறந்தா எங்க வீட்டுக் கதவு தெரியற மாதிரியே இருக்கு. கதவுதான் தெரியுது, உள்ள போக முடியல."

அவளே கல்லை எடுத்தாள், அவளே புத்தகத்தை மூடினாள். பனி கலைந்தது, வெயில் ஒரேயடியாக வந்து விழுந்தது. சாயங்காலத்துக்குள் கேரட் தழையெல்லாம் படுத்துவிட்டது. தோண்டிப் பார்த்தால் விரல் நீளத்துக்குக்கூடக் கிழங்கு இல்லை. இரண்டு பேருமாகச் சேர்ந்து அதைப் பிடுங்கி, கிடைத்ததைக் கழுவி, தெருக்குழந்தைகளுக்குக் கடிக்கக் கொடுத்தார்கள். தன்னிடம் இருந்த ஒரே மருந்தும் தீர்ந்துவிட்டது என்று மட்டும் ஜெசிந்தாவுக்குத் தெரிந்தது.

மறுநாள் புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்க இரண்டு பேரும் போனார்கள். திருமலைக்கொழுந்து கழிவுப் பெட்டியைக் கட்டிக்கொண்டிருந்தார், பழைய பேப்பர்காரர் வாசலில் காத்திருந்தார். பெட்டியின் மேலாக ஒரு மெல்லிய புத்தகம் கிடந்தது, தையல் விட்டது, முன்பக்கம் கிழிந்தது. லீமா அதை எடுத்துத் திறந்தாள்.

"அது செத்த புஸ்தகம்மா," என்றார் திருமலைக்கொழுந்து. "ஒண்ணும் வராது. நானும் விரிச்சு வச்சு ஒரு நாள் பூரா பாத்துட்டேன். காத்தும் இல்ல, மழையும் இல்ல. மொத்த அலமாரியிலயும் இது ஒண்ணுதான் பழுது."

லீமா பக்கத்தின் மேல் உள்ளங்கையைப் பிடித்துப் பார்த்தாள். உண்மைதான். ஒன்றும் வரவில்லை. அவள் முகத்தில் ஒரு நிம்மதி தெரிந்தது. "இதத் தாங்க சார்," என்றாள். "சும்மா இருக்கற புத்தகமா ஒண்ணு வேணும்."

வெயிலோ பனியோ கவனத்தைக் கலைக்காததால், அந்த வருஷம் மீன்கொத்தி நகரில் யாருமே செய்யாத ஒரு காரியத்தை லீமா அந்தப் புத்தகத்தை வைத்துச் செய்தாள். அதைப் படித்தாள். உரக்கப் படித்தாள், ஜெசிந்தா மீன் ஆய்ந்துகொண்டே கேட்டாள். உப்புத் தண்ணீர்தான் கதி என்றால் தொட்டியின் அடியில் உடைந்த ஓடு போடு, தண்ணீர் தேங்கினால் உப்பும் தேங்கும். இலைமேல் ஊற்றாதே, தூரில் ஊற்று. மண் முகம் தெரியாமல் சருகு மூடு. மழை பெய்தால் தொட்டியை உள்ளே தூக்காதே, வெளியே வை, மண் தன்னைத்தானே கழுவிக்கொள்ளட்டும். ஆசைப்பட்டதை விதைக்காதே, இந்தத் தண்ணீரைத் தாங்குவதை விதை, சீனியவரையில் ஆரம்பி. கேட்கக் கேட்க ஜெசிந்தாவின் அரிவாள்மணை நின்றுவிட்டது. கழிவுப் பெட்டிக்கு அனுப்பக் கையை இறக்கியவர்களில் தானும் ஒருத்தி என்று அவளுக்கு வெட்கமாக இருந்தது. எழுதிய ஆளின் பேர் கிழிந்த பக்கத்தோடு போய்விட்டது. ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் அந்தப் பேர் தெரியாத புண்ணியவானுக்காக ஒரு மெழுகுவர்த்தி ஏற்றினாள்.

"சீனியவரைன்னா?" என்று கேட்டாள் லீமா.

"உங்க ஊர்ல கொத்தவரங்காம்பீங்கல்லா, அதுதான்."

ஆவணியில் விதைத்தார்கள். இதில் அதிசயம் எதுவும் இல்லை; செடி மெதுவாகத்தான் வந்தது, ஒரு தொட்டி கெட்டது, இரண்டில் பூச்சி விழுந்தது. ஆனால் இலை ஓரம் வெளுக்கவில்லை. சந்தனமேரி வியாபாரத்துக்குப் போகிற வழியில் படியேறி வந்து பார்த்துவிட்டு, வீட்டில் கிடந்த உடைந்த ஓடுகளையெல்லாம் சாக்கில் கட்டிக் கொண்டுவந்து போட்டாள். லீமா தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு வெயிலில் நின்று சருகு பரப்பினாள். புரட்டாசிக் கடைசியில் செடிகளில் ஊதாப் பூ எட்டிப் பார்த்தது.

அப்போதுதான் கோத்தகிரியிலிருந்து போன் வந்தது. லீமாவின் அண்ணன் குழந்தைக்கு ஞானஸ்நானம். "ஒரு வாரம் போயிட்டு வர்றேன் அத்தை," என்றாள்.

ஜெசிந்தா சிரித்த முகமாகத்தான் அனுப்பினாள். கருவாடு கட்டிக் கொடுத்தாள், பேரீச்சம்பழம் வாங்கிக் கொடுத்தாள், பஸ்ஸில் ஜன்னலோரம் இடம்பிடித்துக் கொடுத்தாள். வீட்டுக்குத் திரும்பி வந்து அலமாரியைத் திறந்து பார்த்தாள். லீமாவின் சேலைகளில் பாதிக்கு மேல் இல்லை. அந்த மெல்லிய புத்தகமும் இல்லை. ஒரு வாரத்துக்கு எதற்கு இத்தனை சேலை? அங்கே ஆகாத புத்தகம் எதற்கு?

ஒரு வாரம் போனது, அதற்கு மேலும் போனது. மலையில் பேய்மழை, பாதையில் மண் சரிந்திருக்கிறது என்றாள் லீமா போனில். இருக்கலாம் என்று நினைத்தாள் ஜெசிந்தா, இல்லாமலும் இருக்கலாம். அவளிடம் கேட்க வாய் வரவில்லை. வா என்று கூப்பிடத் தனக்கு என்ன உரிமை, இந்த வேகிற ஊரில் ஒரு பெண் வந்து இத்தனை நாள் இருந்ததே பெரிது, தனக்குக் கஞ்சி ஊட்டிய அந்தக் கை எங்கே இருந்தாலும் நன்றாக இருக்கட்டும் என்று மாதா படத்துக்கு முன்னால் மனதைத் தேற்றிக்கொண்டாள். தினமும் சாயங்காலம் மாடிக்குப் போய்த் தூர் பார்த்துத் தண்ணீர் ஊற்றினாள். பூ உதிர்ந்து கொத்துக்கொத்தாகப் பிஞ்சு இறங்கியிருந்தது.

ஒரு மத்தியானம் போன் அடித்தது. எடுத்ததும் காதுக்குள் ஒரே இரைச்சல், பெண்கள் சிரிக்கிற சத்தம், பாத்திரம் உருளுகிற சத்தம், எல்லாவற்றுக்கும் மேலாக உஸ்ஸென்று காற்று.

"அத்தை, கேக்குதா?" லீமா கத்தினாள். "எங்கம்மாகிட்ட காட்டலாம்னு இப்பத்தான் பையிலேருந்து எடுத்தேன், அந்தப் புத்தகத்த. இந்த மழையில வீட்டுக்குள்ள ஒரே ஈரம், எல்லாரும் கணப்புக்கிட்ட உக்காந்திருக்கோம். சும்மா தொறந்தேன் அத்தை. காத்து வந்துச்சு."

"என்ன காத்து?"

"நம்ம காத்து. நம்ம மாடில அடிக்கிற அதே அனல்காத்து. மூஞ்சில அப்படியே உப்புப் பிசுபிசுப்பு. கருவாட்டு வாசம் வேற. எங்கம்மாவுக்கு வேர்த்து ஊத்துது, மூடுடி மூடுடின்னு திட்டறாங்க. மூட விட்டாத்தானே? தெருவே ஈரத்துணியத் தூக்கிட்டு வந்து நிக்குது, வாரக்கணக்கா காயலையாம். ஹால் பூரா கொடி கட்டியாச்சு. அது செத்த புத்தகம் இல்ல அத்தை. அது நம்ம ஊருக்கு எழுதினது. அதான் நமக்குத் தெரியல."

ஜெசிந்தா போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள். காற்று இரண்டு ஊருக்கும் நடுவில் போனில் இரைந்துகொண்டிருந்தது.

"அத்தை, நான் அழுதுட்டேன்," என்றாள் லீமா பிறகு, மெதுவாக. "இங்க எங்க வீட்டுல உக்காந்துக்கிட்டு." மூக்கை உறிஞ்சினாள். "பிஞ்சு விட்டிருச்சா?"

"விட்டிருக்கு. கொத்துக்கொத்தா விட்டிருக்கு."

"பறிச்சிராதீங்க," என்றாள் லீமா. "பாதை நாளைக்குத் தொறக்குதாம். நான் வந்து பறிக்கேன்."